போனை எங்கே கீழே வைத்தாய்?

போதைப்பொருள் தயாரிக்கும் ஆசிரியர் ஒருவரின் கதையான பிரேக்கிங் பேட் தொடரின் 62-வது எபிசோட் முடிந்தபோது நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. அதோடு தொடரும் முடிந்தது. கடைசிக் காட்சி என்ன என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் அதைப் பார்த்த பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்போல் இருந்தது. விடவில்லை. பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே படம் சுருங்கி ஓரத்துக்குப் போனது. நடுவில் வேறொரு தொடரின் முகப்பு வந்து நின்று, நொடிகளைக் கீழ்நோக்கி எண்ண ஆரம்பித்தது. போர்வைக்குள் சிக்கிக்கொண்ட ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் யாரோ ஒருவர் துப்பாக்கியோடு யாரையோ துரத்திக்கொண்டிருந்தார். கண்ணீர் காயாதவன் தோளைத் தட்டி "இந்த ஜோக் கேட்டியா?" என்று கேட்பதுபோல இருந்தது.

மறுநாள் நண்பர்கள் குழுவில் நானும் அதே தவற்றைத்தான் செய்தேன். "முடிச்சாச்சு. இதே மாதிரி வேற என்ன இருக்கு?" என்று கேட்டேன். அரை மணி நேரத்தில் பதினான்கு பெயர்கள் வந்து விழுந்தன. நார்கோஸ் வந்தது. ஓசார்க் வந்தது. மற்றவையும் அதே வகைதான்: கும்பல், கடத்தல், பணத்தை வெள்ளையாக்குவது, நல்லவன் கெட்டவனாவது. நான்கைத் தொடங்கினேன். எதிலும் மூன்றாவது எபிசோடைத் தாண்டவில்லை. அவை மோசமான தொடர்களா என்றால் இல்லை, எல்லாமே பலரால் கொண்டாடப்பட்டவைதான். ஆனாலும் பாதி எபிசோடில் கை தானாகப் போனைத் தேடியது. திரையில் ஒருவன் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறான், நான் பழைய புகைப்படங்களை அழித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாரக் கடைசியில் அக்கா போன் பண்ணினாள். தொடர்கள் விஷயத்தில் அவள் எனக்குப் பல வருடம் மூத்தவள். நான் புலம்பியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த சீரிஸ்ல எந்த இடத்துல போனைக் கீழ வெச்ச?"

"புரியல."

"ஆரம்பத்துல எல்லாரும் போனைக் கையில வெச்சுக்கிட்டுத்தான்டா பார்ப்போம். ஏதோ ஒரு இடத்துல நமக்கே தெரியாம கீழ வெச்சிருப்போம். அது எந்த இடம்?"

துப்பாக்கிச் சண்டைகளை நினைத்துப் பார்த்தேன், வெடிகுண்டுகளை நினைத்துப் பார்த்தேன். அங்கெல்லாம் உற்சாகமாகத்தான் இருந்தது. ஆனால் போனைக் கீழே வைத்தது அங்கே இல்லை. மூன்றாவது சீசனின் பத்தாவது எபிசோடில். அதன் பெயரே 'ஈ'. ஆய்வகத்துக்குள் ஒரு ஈ நுழைந்துவிடுகிறது. நாயகனும் அவன் உதவியாளனும் எபிசோட் முழுக்க அதைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். கிட்டத்தட்ட அவ்வளவுதான் கதை. பட்ஜெட் இடித்ததால், ஏற்கெனவே போட்டிருந்த செட்டுக்குள்ளேயே இரண்டு நடிகர்களை வைத்து எடுத்துமுடித்த எபிசோட் அது. ரியான் ஜான்சன் இயக்கியது. ரசிகர்களில் ஒரு சாரார் இதைத்தான் தொடரின் மிக மோசமான எபிசோட் என்று இன்றைக்கும் திட்டுகிறார்கள். எனக்கோ அன்றைக்கு வெளியே இடி விழுந்திருந்தாலும் கேட்டிருக்காது.

சொன்னதும் அக்கா சிரித்தாள். "உனக்குப் பிடிச்சது போதைப்பொருளும் இல்ல, துப்பாக்கியும் இல்ல. ஒருத்தன் ஒரு வேலையை எப்படிச் செய்யறான்னு பக்கத்துல உக்காந்து பார்க்கறது உனக்குப் பிடிக்குது. சின்ன வயசுலயும் அப்படித்தான். யாராவது ரேடியோவைப் பிரிச்சா போதும், அங்கயே நிப்ப."

குழுவில் இருந்தவர்கள் நான் பார்த்த தொடரின் கதையைக் கேட்டு, அந்தக் கதைக்குப் பக்கத்துக் கதையைக் கொடுத்தார்கள். அக்கா என்னைக் கேட்டாள்.

அவள் சொன்னது பெட்டர் கால் சால். அதே படைப்பாளியின் தொடர், அதே உலகம், அதே பாத்திரங்களில் சிலர். அதனால்தான் நான் அதைத் தள்ளிப்போட்டிருந்தேன். ஒரு வெற்றிப் படைப்பின் நிழலில் பிழைக்க வந்தது என்ற நினைப்பு. 2015-ல் தொடங்கி 2022-ல் முடிந்த தொடர், 63 எபிசோடுகள், மூலத் தொடரைவிட ஒன்று கூடுதல். முதல் இரண்டு சீசன்கள் எனக்கு மெதுவாகத்தான் போயின. மூன்றாவது சீசனின் முதல் எபிசோடில் அந்தக் காட்சி வந்தது.

மைக் என்ற முதியவர், முன்னாள் போலீஸ்காரர். யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள், காரில் எங்கோ கருவி பொருத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகம். பழைய வண்டிகளை உடைக்கும் இடத்துக்குக் காரை ஓட்டிப்போய்ப் பிரிக்கிறார். இருக்கையைக் கழற்றுகிறார், கதவின் உள்பலகையைப் பெயர்க்கிறார், மேற்கூரைத் துணியைக் கிழிக்கிறார். வசனமே கிடையாது. வெயில் ஏறுகிறது, இறங்குகிறது. கார் எலும்புக்கூடாக நிற்கிறது. கருவி கிடைக்கவில்லை. தோற்றுப்போய்க் கிளம்பும் நேரத்தில் அங்கே விற்பனைக்கு வைத்திருக்கும் பெட்ரோல் டேங்க் மூடிகள் மேல் அவர் கண் படுகிறது. ஒரு நிமிடம் நிற்கிறார். எனக்கும் அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. நடிகர் ஜோனதன் பேங்க்ஸின் முகத்தில் ஒரு தசை அசையவில்லை, ஆனால் மண்டைக்குள் ஓடுவது முழுக்கத் தெரிகிறது.

இதைப் பற்றிச் சொன்னால் "ஒரு கிழவன் காரைப் பிரிக்கிறதையா மணிக்கணக்கா பார்த்த?" என்பார்கள். ஆமாம், அதைத்தான் பார்த்தேன். வேண்டுமானால் இன்னொரு காரைக் கொடுங்கள்.

இந்தக் கேள்வி கைக்கு வந்த பிறகு பல விஷயங்கள் தெளிந்தன. 'க்ரைம்', 'த்ரில்லர்', 'காமெடி' என்று ஒட்டிவைத்திருக்கும் லேபிள்கள் எனக்கு எந்த வழியும் காட்டியதில்லை. அடுத்து நான் ஒரே மூச்சில் பார்த்தது செர்னோபில். 2019-ல் வந்த ஐந்து எபிசோட் குறுந்தொடர். 1986 ஏப்ரலில் அணு உலை வெடித்த கதை. போதைப்பொருள் தயாரிக்கும் ஆசிரியரின் கதை பிடித்தவருக்கு இதைப் பரிந்துரைக்கலாம் என்று எந்த லேபிளும் சொல்லாது. ஆனால் கடைசி எபிசோடில் விஞ்ஞானி நீதிமன்றத்தில் சிவப்பு அட்டைகளையும் நீல அட்டைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செருகிக்கொண்டே உலை எப்படி வெடித்தது என்று விளக்குவார் பாருங்கள். உலையின் வேகத்தைக் கூட்டுபவை ஒரு நிறம், குறைப்பவை இன்னொரு நிறம். ஒரு பக்கம் அட்டைகள் குறையக் குறைய வயிற்றைப் பிசையத் தொடங்கிவிடும். இதை எழுதிய கிரெய்க் மேசின் அதற்கு முன் ஹேங்ஓவர் என்ற காமெடி வரிசைப் படங்களில் இரண்டுக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தவர். யாருக்குள் என்ன இருக்கிறது என்று யார் கண்டார்கள்?

(ஒரு இடைச்செருகல்: நிஜத்தில் அந்த விஞ்ஞானி லெகாசோவ் அந்த விசாரணையில் கலந்துகொள்ளவே இல்லை. அவருக்குத் துணையாக வரும் பெண் விஞ்ஞானியும் பல பேரைச் சேர்த்து உருவாக்கிய கற்பனைப் பாத்திரம். தொடரைப் பார்த்து வரலாறு படித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும் வியாதி எனக்கு உண்டு. ஒவ்வொரு முறையும் பிற்பாடு தேடிப் படித்துத்தான் குணமாக்கிக்கொள்கிறேன்.)

போலீஸும் போதைப்பொருள் கும்பலும் மோதும் தி வயர் தொடருக்கும் எனக்கும் உள்ள உறவு கொஞ்சம் வெட்கப்படவேண்டியது. இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் கைவிட்டவன் நான். "உலகத்தின் ஆகச்சிறந்த தொடர்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், அதுதான் காரணம். அப்படிச் சொல்லிக் கொடுத்தால் பார்ப்பவன் ரசிக்க உட்காருவதில்லை, பரீட்சை எழுத உட்காருகிறான். யார் யார் என்று புரியவில்லை, பேசுவது புரியவில்லை, யாரும் எதையும் விளக்கவும் இல்லை. அதை எழுதிய டேவிட் சைமன் பால்டிமோர் நகரத்தில் பல ஆண்டுகள் குற்றச்செய்தி நிருபராக இருந்தவர். அவரோடு சேர்ந்து உழைத்த எட் பர்ன்ஸ் அதே நகரத்தில் கொலை வழக்குகளைத் துப்பறிந்த போலீஸ்காரர், பிறகு பள்ளி ஆசிரியர். இருவருக்கும் தெரிந்த உலகம், நமக்காக நிறுத்தி நிதானமாக ஓட்டவில்லை.

மூன்றாவது முறை அக்கா சொல்லித் தொடங்கினேன். "ஒட்டுக்கேட்கறது எப்படி நடக்குதுன்னு மட்டும் பாரு, மத்ததெல்லாம் தானா வரும்" என்றாள். சரியாகப் போயிற்று. முதல் சீசனில் தெருமுனைப் பையன்கள் பேஜரில் (எண்ணை மட்டும் காட்டும் சின்னக் கருவி) எண்களை அனுப்பிக்கொள்கிறார்கள். போலீஸுக்கு எண் கிடைக்கிறது, ஆனால் அந்த எண்ணில் போன் பண்ணினால் யாரும் இல்லை. துப்பாக்கியைச் சரியாகக் கையாளத் தெரியாத, எல்லோரும் ஒதுக்கிவைத்த ஒரு போலீஸ்காரன் போனின் எண்பலகையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கண்டுபிடிக்கிறான்: நடுவில் இருக்கும் 5-ஐத் தாண்டி எதிர்ப்பக்கம் இருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். 1 என்றால் 9, 2 என்றால் 8. படிக்காத பையன்களும் போடக்கூடிய பூட்டு. நான் எழுந்து என் போனின் எண்பலகையைத் திறந்து சரிபார்த்தேன். போனைக் கீழே வைத்த இடம் என்று இதைச் சொல்ல முடியாதுதான், ஆனால் இந்த ஒரு முறை மன்னிக்கலாம்.

ஐந்து சீசன்கள், 60 எபிசோடுகள். ஒவ்வொரு சீசனும் அதே நகரத்தின் இன்னொரு கதவைத் திறக்கிறது: தெருமுனை, துறைமுகம், அரசியல், பள்ளிக்கூடம், பத்திரிகை அலுவலகம். ஒளிபரப்பான 2002 முதல் 2008 வரை பார்வையாளர்கள் குறைவு. அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எம்மி ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. நான்காவது சீசனின் பள்ளிக்கூடப் பையன்கள் நால்வரைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தக் கட்டுரை வேறு எங்கோ போய்விடும். அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

"மூணாவது சீசன்லேருந்து சூப்பரா இருக்கும், அதுவரைக்கும் பொறுத்துக்கோ" என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இருபது மணி நேரம் பொறுத்துக்கொண்டுதான் ஒன்றை ரசிக்க வேண்டும் என்றால் அதற்குப் பெயர் வேறு. பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன் போன்ற சில தொடர்களுக்கு மட்டும் விலக்கு கொடுக்கிறேன். அதன் முதல் சீசன் சுமார்தான், ஆனால் ஆறே எபிசோடுகள், அரை மணிக்குள் ஒவ்வொன்றும் முடிந்துவிடும். என் கணக்கு எளியது: ஒரு மணி நேரத் தொடர் என்றால் நான்கு எபிசோட். நான்கிலும் போன் கையிலேயே இருந்தால் நானும் அந்தத் தொடரும் நண்பர்களாகவே பிரிந்துவிடுகிறோம். தி வயரை இந்தக் கணக்கின்படிதான் இரண்டு முறை தவறவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கணக்கென்றால் பிழை இருக்கத்தானே செய்யும்.

இயந்திரம் ஏன் இந்த வேலையைச் சரியாகச் செய்வதில்லை என்று யோசித்ததுண்டு. முயற்சி இல்லாமல் இல்லை. 2006-ல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு போட்டி அறிவித்தது. அப்போது அது தபாலில் டிவிடி அனுப்பிக்கொண்டிருந்த நிறுவனம். ஒருவர் ஒரு படத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பார் என்பதை, தங்கள் கணிப்பு முறையைவிட 10 சதவீதம் துல்லியமாகச் சொல்லும் குழுவுக்கு 10 லட்சம் டாலர் பரிசு. உலகம் முழுவதிலுமிருந்து கணிதக்காரர்கள் மோதினார்கள். மூன்று ஆண்டு போனது. 2009-ல் இரண்டு குழுக்கள் ஒரே அளவு துல்லியத்தை எட்டின. 20 நிமிடம் முன்னால் அனுப்பிய குழுவுக்குப் பரிசு. இந்தப் போட்டியையே ஒரு தொடராக எடுக்கலாம், நான் போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பேன்.

வேடிக்கை என்னவென்றால், வென்ற அந்த முழுக் கணிப்பு முறையை நெட்ஃபிளிக்ஸ் பயன்படுத்தவே இல்லை. கிடைக்கும் கூடுதல் துல்லியத்துக்கு, அதைப் பொருத்தும் உழைப்பு கட்டுப்படியாகவில்லை. தவிர, அதற்குள் டிவிடி போய் ஸ்ட்ரீமிங் வந்துவிட்டது. டிவிடி வரிசையில் போட்டுவைப்பது நாளைக்குப் பார்க்கப்போகும் நமக்காக. அங்கே நாம் எல்லோரும் கொஞ்சம் நல்லவர்கள், போர் ஆவணப்படம், கறுப்பு வெள்ளைக் காவியம் எல்லாம் வரிசையில் இருக்கும். இரவு பத்து மணிக்குச் சோபாவில் சாய்ந்து ரிமோட் பிடிப்பவர் வேறு ஆள். அவர் பத்தாவது முறையாக ஒரு சிட்காம் போடுவார். நட்சத்திரம் கொடுப்பவரும் ரிமோட் பிடிப்பவரும் ஒரே உடம்புக்குள் குடியிருக்கும் இரண்டு பேர், அவர்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. 2017-ல் நெட்ஃபிளிக்ஸ் நட்சத்திரங்களையே எடுத்துவிட்டு, பிடித்தது, பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லும் கட்டைவிரலைக் கொண்டுவந்தது.

நான் எதை முடித்தேன், எங்கே நிறுத்தினேன், எத்தனை மணிக்குப் பார்த்தேன் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். நான் ஓசார்க்கின் இரண்டாவது எபிசோடை முழுதாக ஓடவிட்டேன் என்பதும் தெரியும். அந்த நேரம் முழுக்கப் புகைப்படம் அழித்துக்கொண்டிருந்தேன் என்பது தெரியாது.

போன் தானாகக் கீழே போகும் இன்னொரு வகை உண்டு: மொழி தெரியாத தொடர்கள். சப்டைட்டில் படிக்க வேண்டும், கண்ணை எடுத்தால் கதை போச்சு. டார்க் என்ற ஜெர்மன் தொடரை முதலில் ஆங்கில டப்பிங்கில் போட்டேன். குரல் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம். பத்து நிமிடத்தில் கை போனுக்குப் போனது. அதையே ஜெர்மன் குரல், சப்டைட்டில் என்று மாற்றியதும் மழை சத்தம்கூட வேறு மாதிரி கேட்டது. ஒரு சிற்றூர், நான்கு குடும்பங்கள், 33 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவரும் காலம். 2019, 1986, 1953 என்று ஒரே ஆளை மூன்று வயதில் மூன்று நடிகர்கள் நடிப்பார்கள். யாருக்கு யார் என்ன உறவு என்று நான் தாளில் படம் போட்டுக்கொண்டு பார்த்தேன். இரண்டாவது சீசனில் அந்தத் தாளையே கிழித்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டியிருந்தது. மூன்று சீசன், 26 எபிசோடோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பதற்காகவே அவர்களை வணங்கலாம்.

நிறுத்தத் தெரிவது பெரிய விஷயம். ஃபால்டி டவர்ஸ் 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு, மொத்தம் பன்னிரண்டே எபிசோடுகள். ஃப்ளீபேக்கும் பன்னிரண்டுதான். லாஸ்ட் தொடரை எடுத்தவர்கள் ஒளிபரப்பின் நடுவிலேயே, 2007-ல், "2010-ல் முடித்துவிடுகிறோம்" என்று நிறுவனத்திடம் தேதி வாங்கிக்கொண்டார்கள். முடிவு பிடித்ததா என்பது வேறு சண்டை, அதற்குள் நான் போகவில்லை. எதிர்ப்பக்கம் ஃபயர்ஃப்ளை. 14 எபிசோடுகள் எடுத்தார்கள், ஒளிபரப்பியதையும் வரிசை மாற்றி ஒளிபரப்பினார்கள், எல்லாவற்றையும் காட்டாமலேயே நிறுத்தினார்கள். யாராவது ஒரு தொடரைச் சொன்னால் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது "முடிஞ்சிருச்சா?" என்பதைத்தான். முடிந்த தொடர் என்றால் எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போடலாம். பிரேக்கிங் பேட் ஏறக்குறைய ஐம்பது மணி நேரம். ஃப்ரெண்ட்ஸ் 236 எபிசோடுகள், எண்பது மணி நேரத்துக்கு மேல். ஃப்ளீபேக் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை முறையைத்தான் இப்போது கைவிட்டுக்கொண்டிருக்கிறேன். 2013 பிப்ரவரி 1 அன்று ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸின் முதல் சீசன் 13 எபிசோடுகளும் ஒன்றாக வந்தபோது அதை விடுதலை என்று நினைத்தவன் நான். வாரப் பத்திரிகையில் 'தொடரும்' என்று போட்டுக் காக்கவைத்த கதை முழுப் புத்தகமாகக் கைக்கு வந்த சந்தோஷம். அப்படி இரண்டே நாளில் விழுங்கிய ஒரு தொடரின் நாயகன் பெயரைப் போன மாதம் ஒருவர் கேட்டார். வாயில் வரவில்லை. முகம் நினைவிருக்கிறது, கோட் நினைவிருக்கிறது, கதை தூர்ந்துபோயிருக்கிறது.

மெல்போர்னில் ஆய்வாளர்கள் சிலர் இதையே சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். ஆறு எபிசோட் தொடர் ஒன்றை ஒரு குழு ஒரே மூச்சில் பார்த்தது, இன்னொன்று தினம் ஒன்றாக, மற்றொன்று வாரம் ஒன்றாக. மறுநாள் கேட்டபோது ஒரே மூச்சுக்காரர்கள்தான் அதிகம் சொன்னார்கள். 140 நாள் கழித்துக் கேட்டபோது அதிகம் மறந்ததும் அவர்கள்தான். ரசித்த அளவும் மற்ற இரண்டு குழுவைவிட அவர்களுக்குக் குறைவு. சின்ன ஆய்வுதான், சில பத்து மாணவர்களை வைத்துச் செய்தது. என் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது என்பதால் எனக்குப் பிடித்த ஆய்வு.

செவரன்ஸை அக்காவும் நானும் வாரம் ஒன்றாகத்தான் பார்த்தோம், வேறு வழியும் இல்லை. மூளையில் ஒரு சில்லு வைத்து, அலுவலகத்தில் இருக்கும் நம்மையும் வெளியே இருக்கும் நம்மையும் இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பவனுக்கு வீடு தெரியாது, வெளியே இருப்பவனுக்கு வேலை தெரியாது. முதல் சீசன் 2022-ல் வந்தது, அடுத்தது 2025 ஜனவரியில். நடுவில் கிட்டத்தட்ட மூன்று ஆண்டு. ஒவ்வொரு எபிசோடுக்கும் பிறகு அக்காவோடு அரை மணி நேரம் பேச்சு. அவள் சொன்ன ஊகங்களில் ஒன்றுகூடப் பலிக்கவில்லை, ஆனால் அவற்றில் இரண்டு, தொடரில் வந்ததைவிட நன்றாக இருந்தன. எபிசோட் பார்த்த நேரத்தையும் பேசிய நேரத்தையும் பிரித்துச் சொல்ல இப்போது என்னால் முடியாது.

ஸ்பாய்லர், அதாவது முடிவை யாராவது முன்கூட்டியே சொல்லிவிடுவது பற்றிய பயமும் எனக்கு மெல்ல மெல்லப் போய்விட்டது, அதற்குக் காரணம் கொலம்போ. 1970-களின் தொடர். எபிசோட் தொடங்கிய உடனே யார் கொன்றார், எப்படிக் கொன்றார் என்று காட்டிவிடுவார்கள். 1971-ல் வந்த முதல் சீசனின் முதல் எபிசோடை இயக்கியவர் அப்போது இளைஞராக இருந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். கசங்கிய மழைக்கோட்டு போட்ட துப்பறிவாளர் வருவார், அசடுபோலப் பேசுவார், கிளம்புவார், வாசல் வரை போய்த் திரும்பி "இன்னும் ஒரே ஒரு விஷயம்" என்பார். கொலைகாரர் முகத்தில் ரத்தம் வற்றும். முடிவு தெரிந்த பிறகு மிச்சமிருப்பது எப்படி என்பது மட்டும்தான், எனக்கு வேண்டியதும் அதுதானே. 2011-ல் கலிபோர்னியாவில் இரண்டு உளவியலாளர்கள், முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சிறுகதைகளைப் படிக்கக் கொடுத்தபோது, தெரியாமல் படித்தவர்களைவிட அவர்கள் அதிகம் ரசித்ததாகக் கண்டார்கள். இதைச் சாக்காக வைத்து அடுத்தவருக்கு முடிவைச் சொல்லிவிடாதீர்கள். நானும் அப்படி ஒரு நண்பரை இழக்கப்பார்த்தேன்.

இப்படியே போனால் நான் காரைப் பிரிக்கும் கிழவர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பேன் என்று அக்காவுக்குப் பட்டிருக்க வேண்டும். "ஒரே கிணத்துல எத்தனை நாள் தண்ணி இறைப்ப?" என்று சொல்லி ஃப்ளீபேக்கைத் திணித்தாள். லண்டனில் ஒரு பெண், பெரிதாக எந்த வேலையும் செய்து காட்டுவதில்லை. எல்லோரிடமும் பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று கேமராவைத் திரும்பிப் பார்த்து நம்மிடம் ஒரு வரி சொல்வாள். முதல் சீசன் முழுக்க அது வெறும் வேடிக்கையாக இருந்தது, போன் பாதி நேரம் கையில்தான். இரண்டாவது சீசனில் (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியின் மிச்சத்தைத் தாண்டிவிடுங்கள்) ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது வழக்கம்போல நம் பக்கம் திரும்புகிறாள். அவர் கேட்கிறார்: இப்போது எங்கே போனாய்? அவள் திடுக்கிடுகிறாள். நான் திடுக்கிட்டேன். ஒளிந்திருந்த இடத்தில் யாரோ விளக்கைப் போட்டதுபோல. போனை எப்போது வைத்தேன் என்று தெரியாது, மறுநாள் காலையில் சோபா இடுக்கிலிருந்து எடுத்தேன்.

அக்காவின் கேள்வியை நான் பலரிடம் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் வேலை செய்கிறது. சக்ஸெஷன் பிடித்தது என்று ஒருவர் சொன்னார், பணக்காரக் குடும்பக் கதைகளாகத் தேடிக்கொண்டிருந்தார். அவர் போனைக் கீழே வைத்த இடத்தைக் கேட்டால், அண்ணன் தம்பிகள் ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்ளும் இடங்கள். அவருக்கு வேண்டியது நல்ல வசைமொழி, அவ்வளவுதான். ஸ்லோ ஹார்ஸஸைச் சொன்னேன். அதில் கேரி ஓல்ட்மேன் தன் கீழ் வேலை செய்பவர்களைத் திட்டும் திட்டுக்காகவே ஆறு ஆறு எபிசோடாகச் சீசன்கள் போய்க்கொண்டிருக்கின்றன. அந்த நண்பர் இப்போது நன்றியோடு என்னையும் அதே பாணியில் திட்டுகிறார்.

போன வாரம் நிலைமை தலைகீழானது. அக்கா போன் பண்ணி, "டிடெக்டரிஸ்ட்ஸ் முடிச்சுட்டேன்டா. ஒண்ணும் ஓட மாட்டேங்குது. நீ ஏதாவது சொல்லு" என்றாள். இத்தனை வருடத்தில் அவள் என்னிடம் கேட்டது இதுதான் முதல் தடவை.

2014-ல் தொடங்கிய பிரிட்டிஷ் தொடர் அது. நடித்து, எழுதி, இயக்கியவர் மெக்கன்சி க்ரூக். இரண்டு நடுவயது ஆண்கள் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு வயல் வயலாகப் புதையல் தேடுவார்கள். பெரும்பாலும் கிடைப்பது பழைய டின் மூடியும் சட்டைப் பொத்தானும். நான்தான் அவளுக்குச் சொன்னேனா, அவள்தான் எனக்குச் சொன்னாளா என்று நினைவில்லை.

"எந்த இடத்துல போனைக் கீழ வெச்ச?" என்று கேட்டேன், கொஞ்சம் திமிராகவே.

யோசிக்கக்கூட இல்லை. "ரெண்டு பேரும் தேடிக் களைச்சுப்போய் மரத்தடியில உக்காந்து, நேத்து ராத்திரி டிவியில அந்த வினாடி வினா பார்த்தியான்னு பேசிக்குவாங்களே, அங்க. ஒவ்வொரு தடவையும் அங்கதான்."

ஐந்து நாளாயிற்று. ஒரு தாளில் ஏழு தொடர்களை எழுதி ஆறை அடித்துவிட்டேன். மிச்சமிருப்பது மிட்நைட் டைனர், நள்ளிரவில் திறக்கும் சின்ன உணவகத்தைப் பற்றிய ஜப்பானியத் தொடர். வருபவர்கள் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்கள், ஒரு எபிசோட் அரை மணி நேரம்கூட வராது. சப்டைட்டில் படிக்க வேண்டும் என்பது ஒரு வசதி. ஆனால் அதில் யாரும் நேற்று ராத்திரி டிவியில் என்ன பார்த்தாய் என்று கேட்பார்களா என்பதுதான் சந்தேகம். அவள் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டாள். அதுவரைக்கும் டிடெக்டரிஸ்ட்ஸையே முதலிலிருந்து போடு, நானும் இங்கே போடுகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நேற்று இரண்டாவது எபிசோட் முடிந்ததும் போன் அடித்தது.

"பார்த்தியா?" என்றாள்.